பொன் தேடிய பந்தலூர்

அம்பத்தூரில் நான் வரலாற்று ஆசிரியனாகப் பணியாற்றிக்கொண்டிருந்த காலம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம், “உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்ததோ, அந்த ஊரின் வரலாற்றைச் சொல்லக்கூடிய பொருள் ஒன்றைக் கொண்டுவாருங்கள்” என்று ஒருமுறை சொல்லியிருந்தேன். பூவிருந்தவல்லியிலிருந்து வந்த மாணவன் பழைய செப்புக் காசு ஒன்றைக் கொண்டுவந்தான். ஆவடி மாணவன் 1955-ஆம் ஆண்டு அங்கே கூடிய காங்கிரஸ் மாநாட்டின் படமொன்றைக் கொண்டுவந்தான். கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் மட்டும் உள்ளங்கை அளவுள்ள வெள்ளைக் கல் ஒன்றை என் மேசைமேல் வைத்தான். அதில் ஆங்காங்கே மஞ்சள் நிறமான துகள்கள் பளிச்சிட்டன.

நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, மின்னுவதெல்லாம் பொன்னல்ல. இது இரும்பும் கந்தகமும் கலந்த வெறுங் கனிமம்” என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சிரிப்பு அடங்கும்வரை அவன் நின்றுகொண்டே இருந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: “இது பொன்னில்லை என்று எனக்கும் தெரியும் ஐயா. இதைப் பொன் என்று நம்பி வந்தவர்கள் எங்கள் பந்தலூரில் ஒரு பட்டணமே கட்டினார்களாம். அப்புறம் விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். தாத்தா சொன்னார். அதனால்தான் கொண்டுவந்தேன்.”

வகுப்பில் யாரும் பேசவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றுமில்லை. பந்தலூர் என்னும் ஊரை நான் தேசப்படத்தில்கூடத் தேடிப் பார்த்ததில்லை. கேட்ட கேள்விக்கு அந்த வகுப்பிலேயே மிகச் சரியான விடையைக் கொண்டுவந்த மாணவனை நான் நகைப்புக்கு ஆளாக்கியிருந்தேன். அன்று மாலையே பந்தலூரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும் பின்னர் நேரில் சென்று கண்டதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நீலகிரி என்றதும் நமக்கு உதகமண்டலத்தின் குளிரும் பூங்காவும் நினைவுக்கு வரும். ஆனால், உதகையிலிருந்து மேற்கே கூடலூருக்கு இறங்கி, அங்கிருந்து இன்னும் மேற்கே சென்றால் வேறொரு நீலகிரியைக் காணலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரமுள்ள நிலம் அது. தென்மேற்குப் பருவக்காற்று நேரே வந்து மோதுவதால் ஆண்டுக்கு நூறு அங்குலத்துக்கு மேல் மழை பொழியும். தேவாலா, பந்தலூர் ஆகிய ஊர்கள் அங்கேதான் இருக்கின்றன. அந்நிலம் பழைய வயநாட்டின் தென்கிழக்குப் பகுதி. மலபார் மாவட்டத்தோடு இருந்த அதனை 1877-ஆம் ஆண்டில்தான் நீலகிரி மாவட்டத்தோடு சேர்த்தனர்.

அந்த மலைகளில் பிறக்கும் ஓடைகள் பாண்டியாறு, புன்னம்புழை என்னும் ஆறுகளாகத் திரண்டு, மேற்கு நோக்கிச் சரிந்து, நிலம்பூர்ப் பள்ளத்தாக்கில் சாலியாற்றோடு கலந்து, பேப்பூருக்கு அருகே அரபிக்கடலை அடைகின்றன. மலைப்பாறைகளில் வெள்ளைக் கல் படிவங்கள் நரம்புபோல் ஓடுகின்றன. அவற்றில் மிக நுண்ணிய அளவில் தங்கம் உண்டு. மழை பாறையை அரிக்கும். ஓடை மணலை ஆற்றுக்குக் கொண்டுசெல்லும். கனமான தங்கத் துகள் ஆற்றின் வளைவுகளில் அடியில் தங்கிவிடும். இயற்கை நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை இது.

இதனை முதலில் அறிந்தவர்கள் எந்தக் கம்பெனியாரும் அல்லர்; அம்மலைகளின் பழங்குடி மக்களாகிய பணியரும் குறும்பரும் ஆவர். மழை ஓய்ந்த பின்பு அவர்கள் ஆற்று மணலை மரத்தட்டில் அள்ளி, நீரில் சுழற்றி அலசுவார்கள். இலேசான மணல் நீரோடு போய்விடும். கனமான கரும்பொடியும் அதனிடையே ஒன்றிரண்டு பொன் துகளும் தட்டில் எஞ்சும். நாள் முழுதும் நீரில் நின்றாலும் கிடைப்பது அற்பமே. அந்த அற்பமும் அவர்களுடையதன்று. பணியர் அக்காலத்தில் நிலத்தோடு கட்டுண்டு கிடந்தவர்கள். நிலம் கைமாறினால் அவர்களும் கைமாறினர். நிலத்தின் பொன்னுக்கு நிலம்பூர்க் கோவிலகத்தாரைப் போன்ற ஜன்மிகள் உரிமை கொண்டாடினர்.

ஆங்கிலேயர் ஆட்சி வந்தபின் இச்செய்தி அவர்கள் காதுக்கும் எட்டியது. 1830-களின் தொடக்கத்தில் நிக்கல்சன் என்னும் இராணுவ அதிகாரியை அனுப்பி ஆராயச் செய்தனர். அம்முயற்சியால் பெரும் பயன் விளையும் என்று அரசாங்கத்துக்குத் தோன்றவில்லை, கைவிட்டுவிட்டது. ஆற்றில் அலசியவர்களின் கைகள் கண்டறிந்த உண்மையும் அதுவே. பொன் உண்டு, ஆனால் பெரிதாக இல்லை.

அப்படியிருக்க, நாற்பது ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் பொன்வெறி மூண்டது எவ்வாறு? அதற்கு விடை காப்பித் தோட்டத்தில் இருக்கிறது. 1840-களுக்குப் பின் வயநாட்டுக் காடுகளை அழித்து ஆங்கிலேயர் காப்பி பயிரிட்டனர். சில காலம் நல்ல ஆதாயம் கண்டனர். பின்பு தண்டைத் துளைக்கும் புழு வந்தது. அதனை அடுத்து, 1869-இல் இலங்கையில் தோன்றிய இலைநோய் இங்கும் பரவியது. தோட்டங்கள் பாழாயின, தோட்டக்காரர் கடனில் மூழ்கினர். மண்ணின் மேலே இருந்த செல்வம் போயிற்று. மண்ணுக்குக் கீழே ஏதேனும் உண்டா என்று அவர்கள் தேடத் தொடங்கியது இயல்பே.

1874-இல் ஆல்ஃபா என்னும் தங்கச் சுரங்கக் கம்பெனி தேவாலாவுக்கு அருகே தொழில் தொடங்கியது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் 1875-இல் அப்பகுதியைப் பற்றி அறிக்கை எழுதினார். பின்னர் 1879-இல் இந்திய அரசாங்கம் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவரை வரவழைத்தது. அவர் பெயர் இராபர்ட் பிரௌ ஸ்மித். 1851 முதல் உலகையே ஈர்த்த விக்டோரியாத் தங்க வயல்களில் சுரங்கத் துறையின் செயலாளராய் இருந்தவர். அத்தகையவர் வயநாட்டைச் சுற்றிப் பார்த்து, பாறை நரம்புகளைக் கணக்கெடுத்து, கல் துண்டுகளைச் சோதித்து, 1880-இல் நம்பிக்கையூட்டும் அறிக்கை ஒன்றை அளித்தார்.

அந்த அறிக்கை இலண்டன் பங்குச் சந்தையில் பற்றவைத்த தீயாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பதிவாயின. அவற்றின் மூலதனமாக அறிவிக்கப்பட்ட தொகை நாற்பது இலட்சம் பவுனுக்கும் அதிகம். வயநாடு எங்கே இருக்கிறதென்று அறியாதவர்களும் வயநாட்டுப் பங்குகளை வாங்கினர்.

மாணவர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். 1848-இல் கலிஃபோர்னியாவில் பொன் கண்டெடுத்தபோது, அங்கே ஓடியவர்கள் தனி மனிதர்கள். உழவனும் மாலுமியும் கடைக்காரனும் ஆளுக்கொரு தட்டையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். தோற்றவன் தன் உழைப்பைத் தோற்றான். வயநாட்டில் நடந்ததோ வேறு. இங்கே பொன் பெரும்பாலும் கல்லுக்குள் அடைபட்டிருந்தது. அதை எடுக்க இயந்திரமும் பெருமுதலும் வேண்டும். ஆகவே ஓட்டம் ஆற்றங்கரையில் நிகழவில்லை. இலண்டனில் பங்கு விற்ற இடங்களில் நிகழ்ந்தது. பந்தலூரைக் கட்டியது பொன்னன்று, காகிதமே.

ஆயினும் பந்தலூர் எழுந்தது. சில வீடுகளே இருந்த இடத்தில் கடைகளும் விடுதியும் வெள்ளைக்காரர் பங்களாக்களும் தோன்றின. மைசூர்ப் பக்கத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் கூலியாட்கள் வந்து குவிந்தனர். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கிய கனத்த இரும்பு இயந்திரங்களை மாட்டு வண்டிகளில் ஏற்றி, மலைப்பாதைகளில் அங்குலம் அங்குலமாக இழுத்தனர். பாதை வழுக்கும் மழை, சதுப்பெங்கும் கொசு. மலேரியாக் காய்ச்சலுக்குப் பெயர்போன நிலம் அது. காய்ச்சலில் மாண்ட கூலியாட்களின் பெயர்களைக் கம்பெனிகளின் பங்குப் பத்திரங்களில் காண முடியாது.

அந்த இயந்திரங்கள் செய்த வேலை என்ன? சுரங்கத்திலிருந்து வெட்டியெடுத்த கல்லைக் கனத்த இரும்பு உலக்கைகள் மேலிருந்து விழுந்து இடித்துப் பொடியாக்கும். நம் வீட்டு உரலும் உலக்கையும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? அதே முறைதான், நீராற்றலோ நீராவியோ அதை இயக்கும். பொடியை நீரில் கலந்து, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின்மேல் ஓடவிடுவார்கள். பாதரசம் பொன்னைப் பற்றிக்கொள்ளும், மற்றவை போய்விடும். பின்பு பாதரசத்தைக் காய்ச்சி ஆவியாக்கினால் பொன் எஞ்சும்.

உலக்கைகள் இடித்தன. பொன்னும் வந்தது. ஆனால், ஒரு டன் கல்லை வெட்டி, இடித்து, அலச ஆகும் செலவுக்கு அந்தப் பொன் ஈடாகவில்லை. சோதனைக்கு எடுத்த துண்டுகளில் நம்பிக்கை தந்த கல், மலையளவு இடித்தபோது ஏமாற்றியது. இதன் காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. நல்ல துண்டாகப் பொறுக்கிச் சோதித்தால் நல்ல விடைதான் வரும். பாறை முழுவதும் அந்தத் துண்டைப்போலவே இருக்கும் என்பதற்கு உறுதி ஏது? மேலும், மழையும் காற்றும் பட்டு மட்கிய மேற்பரப்புக் கல்லில் பொன் தளர்ந்து தனியே நிற்கும். பாதரசம் எளிதில் பற்றும். ஆழத்தில் உள்ள கல்லிலோ, பொன் மஞ்சள் நிறக் கந்தகக் கனிமத்தோடு பின்னிக் கிடக்கும். பாதரசத்துக்கு எளிதில் பிடிபடாது. என் மாணவன் கொண்டுவந்த கல்லில் மின்னியது அந்தக் கனிமமே.

இன்னொரு காரணமும் உண்டு. திரட்டிய பணத்தில் பெரும்பகுதி சுரங்கத்துக்கே போய்ச் சேரவில்லை. கடனில் மூழ்கிய தோட்டங்களைப் பெருவிலைக்கு வாங்குவதில் கம்பெனிகள் பணத்தைக் கொட்டின. பொன் எவ்வளவு என்று தெரியுமுன்பே இயந்திரம் வாங்கின. நிலத்தை விற்றவர்களும் கம்பெனிகளைத் தோற்றுவித்தவர்களும் தம் பங்கைப் பெற்றுக்கொண்டனர். கடைசியில் நம்பிப் பணம் போட்டவர்களே நட்டமடைந்தனர். சில ஆண்டுகளுக்குள் கம்பெனிகள் ஒவ்வொன்றாய் மூடின. பந்தலூர்க் கடைகளும் விடுதியும் ஆளின்றிக் கிடந்தன. மலைமேல் இழுத்துவந்த இயந்திரங்களைக் கீழே இறக்கும் செலவுக்கும் ஆளில்லை. அவை காட்டிலேயே துருப்பிடித்துக் கிடந்தன. 1901-இல் நிலவியல் ஆய்வுத் துறையின் ஹேடனும் ஹாட்சும் மீண்டும் வந்து முறையாக ஆராய்ந்தனர். அவர்கள் கண்டதும் ஆதாயம் தரும் சுரங்கத்துக்கு இடமில்லை என்பதே. எழுபது ஆண்டுகளுக்கு முன் அரசாங்கம் கண்ட முடிவுக்கே, இத்தனை இலட்சம் பவுனைச் செலவிட்டபின் மீண்டும் வந்து சேர்ந்தார்கள்.

“அப்படியானால் பொன் தேடுவதே மூடத்தனமா?” என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. அதே 1880-ஆம் ஆண்டு, அதே வெறியில் தோன்றியதுதான் மைசூர்த் தங்கச் சுரங்கக் கம்பெனியும். கோலாரில் அதுவும் முதலில் பணத்தை இழந்து, மூடும் நிலைக்கு வந்தது. ஜான் டெய்லர் குழுவினர் எஞ்சிய பணத்தைக் கொண்டு பழைய குழிகள் இருந்த இடத்தில் ஆழமாகத் தோண்ட, சாம்பியன் என்னும் வளமான நரம்பு அகப்பட்டது. பிறகு கோலார் நூறு ஆண்டுகளுக்கு மேல் பொன் தந்தது. சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஆழம் சென்றது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள். இராயபுரத்திலிருந்து 1856-இல் மேற்கே போட்ட இரயில் பாதை நம் அம்பத்தூர், ஆவடி வழியேதான் செல்கிறது. பின்னாளில் நீண்ட அப்பாதையின் கிளையொன்று 1894-இல் கோலார் வயல்களை எட்டியது. கோலாருக்கும் பந்தலூருக்கும் வேறுபாடு செய்தது பேச்சுத் திறமையன்று, பாறை.

நிற்க. பொன் போனபின் பந்தலூர் என்னாயிற்று? காடு மூடிய இடங்களில் மெல்ல மெல்லத் தேயிலை வந்தது. இலண்டனில் எந்த ஆரவாரமும் இல்லாமல் வந்த அச்செடிதான் அங்கே நிலைத்தது. பின்னர் 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-இல், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய் உழைத்த, நாடற்றவராய் நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியா திரும்பவேண்டும் என்பது அதன் சாரம். அவர்களுள் பலர் இந்தியாவைக் கண்டதே இல்லை. அவ்வாறு வந்தவர்களுக்கு வேலை தரும்பொருட்டுத் தமிழக அரசு 1968-இல் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் அவர்கள் குடியேறினர். இலங்கை மலைகளில் கொழுந்து பறித்த கைகள், பொன் தேடியவர்கள் கைவிட்டுப் போன மலைகளில் தேயிலை நட்டன.

என் மாணவனின் தாத்தா அவர்களுள் ஒருவர். அவனுடைய தந்தை பிழைப்புத் தேடி அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வந்தார். அத்தொழிற்பேட்டை தோன்றியதும் அதே 1964-ஆம் ஆண்டில்தான். இப்படி அந்தக் கல் மலையிலிருந்து என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த கோடை விடுமுறையில் அக்குடும்பத்தோடு நானும் பந்தலூர் சென்றேன். பெரியவர் என்னைத் தேயிலைச் சரிவுகளிடையே அழைத்துச் சென்றார். ஓரிடத்தில் செடிகளை விலக்கி, மலைக்குள் செல்லும் ஒரு துவாரத்தைக் காட்டினார். ஆள் குனிந்து போகலாம். உள்ளிருந்து ஈரக் காற்றும் வௌவால் நாற்றமும் வந்தன. நான் ஓரடி முன்னே வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வேண்டாங்க சார். உள்ளே போன ஆட்கள் திரும்பி வராததும் உண்டு” என்றார். இப்பொழுதும் பழைய சுரங்கங்களில் திருட்டுத்தனமாய்ப் புகுந்து மண் சரிந்து உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்திருக்கின்றன. கம்பெனிகள் போய் நூறாண்டுக்கு மேலாகியும், அவை விதைத்த ஆசை முற்றும் போகவில்லை.

திரும்பும் வழியில் ஒரு பணியர் குடியிருப்பைக் கடந்தோம். ஆற்று மணலில் முதலில் பொன் கண்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்களுடைய முன்னோரை எந்த நிபுணரும் மதித்து, “ஒரு நாள் அலசினால் எவ்வளவு கிடைக்கும்?” என்று கேட்டிருந்தால், கம்பெனிகளின் முழு வரலாறும் வேறாக இருந்திருக்கக்கூடும். கேட்டவர்களும் இருந்திருக்கலாம். ஆனால், பங்கு விற்கப் புறப்பட்டவர்களுக்கு அந்த விடை தேவைப்படவில்லை.

பாரம்பரியம் என்றால் கோபுரமும் கோட்டையும் என்றே நாம் எண்ணுகிறோம். பந்தலூரில் அவை இல்லை. மலையில் குடைந்த சில துவாரங்கள், ஓர் ஆறு, தேயிலை, பல திசைகளிலிருந்து துரத்தப்பட்டு வந்து சேர்ந்த மக்கள், இவையே அங்குள்ள பாரம்பரியம். இன்று அந்தத் தேயிலைத் தொழிலும் நட்டத்தில் தள்ளாடுகிறது. அம்மக்களின் பிள்ளைகள் மறுபடியும் மூட்டை கட்டுகின்றனர். அவர்கள் வந்து சேரும் இடங்களில் நம் அம்பத்தூரும் ஒன்று. உங்கள் வகுப்பில் பக்கத்தில் அமர்ந்திருப்பவன் அவர்களுள் ஒருவனாக இருக்கலாம்.

மாணவர்களே, அறிக்கை ஒன்று உங்கள் கைக்கு வரும்போது, அதை எழுதியவர் எவ்வளவு பெரியவர் என்பதோடு நின்றுவிடாதீர்கள். எதைச் சோதித்தார், எத்தனை இடத்தில் சோதித்தார், அதனால் ஆதாயம் பெறுபவர் யார், கேட்கப்படாமல் விடப்பட்டவர் யார் என்று கேளுங்கள். வரலாறு கற்பதன் பயன் இதுவே. இதை நான் பயிற்சிக் கல்லூரியில் படித்திருந்தேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருந்தேன். ஆனால், ஒரு மாணவன் கல்லொன்றைக் கொண்டுவந்து வைத்தபோது, அவனை ஒரு கேள்வியும் கேளாமல் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

ஊரிலிருந்து திரும்பிப் பள்ளி திறந்த முதல் நாள், அதே மாணவர்கள் பத்தாம் வகுப்பில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் முன் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கல்லைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டான். “நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, அடுத்த வகுப்புக்கும் காட்டலாம்” என்றான். ஓய்வு பெறும்வரை ஆண்டுதோறும் காட்டினேன். இன்றும் அது என் மேசைமேல் இருக்கிறது.